தூண்டிவிடுதல்: தேச நிந்தனைச் சட்டம், மூன்றாம் பிரிவுக்கு ஓர் உரை

மலேசியாவின் 1948ஆம் ஆண்டுத் தேச நிந்தனைச் சட்டம், எது நிந்தனைப் போக்கு என்பதை மூன்றாம் பிரிவில் வரையறுக்கிறது. அங்கே திரும்பத் திரும்ப வரும் ஆங்கில வினை 'எக்ஸைட்'. நெகிரி செம்பிலான் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஆங்கிலச் சொல் தெரியும் முன்பே அதன் தமிழ் தெரியும். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக் களத்தில் கூலியைப் பற்றிக் கேட்டவனைக் காட்டி, "இவன்தான் ஆளுகளத் தூண்டிவிடறான் தொர" என்பார் கங்காணி.

தூண்டுதல்: 'எக்ஸைட்' லத்தீன் வழி வந்தது. வெளியே அழைத்தல், உறக்கத்திலிருந்து எழுப்புதல் என்பது மூலப்பொருள். நீதிமன்றத்துக்கு ஆளை அழைப்பதைக் குறித்த 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் பிறந்ததே. ஆக, அந்த வேரில் நெருப்பு இல்லை, குரல்தான் இருக்கிறது. உணர்ச்சியைக் கிளறுதல் என்ற பொருள் அதிலிருந்து விரிந்தது. தமிழில்தான் இது நெருப்பாகிறது. தூண்டுவது விளக்குத் திரியை. எண்ணெய் இல்லாத அகலை எந்தத் தூண்டுகோலாலும் எரியவைக்க முடியாது. சட்டமோ தூண்டிய விரலை மட்டும் தேடுகிறது. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை. என் முதல் குறை இதுதான்.

1941இல் பக்கத்துச் சிலாங்கூரில், கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. ஆர்.எச். நாதன் என்ற ஒருவர் கிளப்பிவிட்டதுதான் எல்லாம் என்று அதிகாரிகள் நம்பினார்கள். அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். தொழிலாளர்கள் கேட்டதைப் பாருங்கள்: சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி; கள்ளுக்கடை மூடல்; துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்துக்கு முடிவு. தினமும் சைக்கிளை விட்டு இறங்கியவனுக்கு அவமானத்தை இன்னொருவர் சொல்லித்தர வேண்டுமா?

அதிருப்தி: 'டிஸ்அஃபெக்ஷன்' என்ற ஆங்கில மூலச்சொல் அன்பு நீங்கிய நிலையைச் சொல்வது. குடிமக்கள் அரசின்மேல் அன்பாக இருந்தே ஆகவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதில் ஒளிந்திருக்கிறது. 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்து 2024 வரை இருந்த 124அ பிரிவும் இதே வினையையும் இதே பெயர்ச்சொல்லையும்தான் ஆண்டது. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளரோடு நின்ற வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு 1908இல் நீதிபதி பின்ஹே ஆயுள் தண்டனை விதித்தது இந்தப் பிரிவைக் கொண்டுதான்.

இனங்களிடையே, வகுப்புகளிடையே பகைமை: இனம் சரி. வகுப்பு என்றால்? கூலி உயர்வு கேட்கும் எந்தப் பேச்சும் கொடுப்பவர், வாங்குபவர் என்று இரு வகுப்பாரைப் பற்றியதாகத்தானே இருக்கும். 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. அடுத்த மாதமே இந்தச் சட்டமும் வந்தது. நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்த பி.பி. நாராயணன் போன்றவர்கள் அந்த ஆண்டுகளில்தான் சொல்லை அளந்து பேசி, 1954இல் மாநிலச் சங்கங்களை இணைத்துத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார்கள்.

போக்கு: பிரிவின் கூர்மை இதில் இருக்கிறது. பேச்சுக்கு அப்படியொரு போக்கு இருந்தாலே போதும், பேசியவரின் நோக்கம் பொருட்டல்ல என்கிறது மூன்றாம் உட்பிரிவு. யாரும் கொதித்தெழுந்தார்களா என்ற கேள்விக்கும் இடமில்லை. 2007இல் பிரிட்டிஷ் பிரதமருக்கு எழுதிய கடிதத்துக்காக, மலேசிய இந்தியர் உரிமைக்கான ஹிண்ட்ராப் இயக்கத்தின் பி. உதயகுமாருக்கு 2013இல் 30 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. எழுதியவரின் மனத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் தண்டிப்பதை என்னால் நீதி என்று ஏற்க முடியவில்லை.

விலக்குகள்: இரண்டாம் உட்பிரிவை நம்மில் பலர் படிப்பதே இல்லை. அரசாங்கத்தின் பிழைகளையும் குறைகளையும் சுட்டிக்காட்டுவதும், சட்டப்படியான வழியில் மாற்றம் கேட்கும்படி மக்களை இணங்கவைப்பதும், அந்தக் காரணத்தால் மட்டும் நிந்தனை ஆகிவிடா என்கிறது அது. நெகிரி செம்பிலானின் லாபுவிலும் பகாவிலும் சிலியாவிலும் தோட்டம் கைமாறும்போது வீடு கேட்டு நிற்பவர்கள் மனு எழுதும் முன் இந்த வரிகளைப் படித்துக்கொள்ளுங்கள். குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர் முதலியோரின் சிறப்பு நிலை, மன்னர்களின் இறையாண்மை ஆகியவற்றைக் கேள்வி கேட்பதும் நிந்தனைப் போக்கே என்று 1970இல் ஒரு திருத்தம் சேர்த்தது. அந்தப் பட்டியலில் கூலியும் இல்லை, வீடும் இல்லை.