விண்ணப்பச் சுமை யார் தலையில்? அமெரிக்கக் கல்லூரி நிதியுதவியும் பள்ளி இறுதியாண்டு மாணவரும்

அமெரிக்காவில் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் கல்லூரியில் சேர அந்நாட்டு ஒன்றிய அரசு ஒதுக்கும் பணம் சிறிதன்று. பெல் மானியம் மட்டுமே 2024–25 கல்வியாண்டில் ஒருவருக்கு 7,395 டாலர் வரை கிடைத்தது. திருப்பிச் செலுத்த வேண்டாத பணம் அது. பெரும்பாலான மாநிலங்களில் சமூகக் கல்லூரி ஒன்றின் ஓராண்டுக் கட்டணத்தை அதைக்கொண்டே கட்டி முடிக்கலாம். ஆனால் அந்தப் பணத்தைப் பெற ஃபாஃப்சா என்று எல்லோரும் அழைக்கும் ஒரு விண்ணப்பத்தை நிரப்பியாக வேண்டும். பள்ளி இறுதியாண்டு மாணவரில் ஏறத்தாழப் பாதிப் பேரே உரிய காலத்தில் அதை நிரப்பி முடிக்கிறார்கள். 2022-இல் பள்ளி முடித்தவர்கள் கேட்டுப் பெறாமல் விட்ட பெல் மானியம் மட்டும் சுமார் 360 கோடி டாலர் என்று தேசியக் கல்லூரிப் பேறு வலையமைப்பு என்னும் அமைப்பு கணக்கிட்டது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் அறியாமை. இப்படியோர் உதவி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை, எடுத்துச் சொன்னால் விண்ணப்பிப்பார்கள் என்கிறார்கள். துண்டறிக்கை, கூட்டம், குறுஞ்செய்தி என்று செலவாகும் பணமெல்லாம் இந்த நம்பிக்கையின் மேல்தான் செலவாகிறது. கடந்த இருபதாண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு வேறொன்று தெளிவாகிறது. தடையாக இருப்பது தகவல் பற்றாக்குறை அன்று, வேலைப் பளு. அரசும் கல்லூரியும் பள்ளியும் செய்ய வேண்டிய எழுத்து வேலை பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் இறக்கப்பட்டிருக்கிறது. அதை இறக்கி வேறு தோளுக்கு மாற்றிய முயற்சிகள் பலன் தந்தன. சுமையைப் பற்றி எடுத்துச் சொல்லியதோடு நின்ற முயற்சிகள் பெரும்பாலும் பலன் தரவில்லை.

இந்தச் சுமை ஒரே நாளில் சேரவில்லை. 1965-இல் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்ட உயர்கல்விச் சட்டத்தில் தொடங்கி, 1972-இல் வந்த அடிப்படை மானியம் (1980 முதல் செனட்டர் கிளேபோர்ன் பெல்லின் பெயரில் வழங்குவது) வழியாக, 1992 சட்டத் திருத்தம் எல்லோருக்கும் ஒரே இலவச விண்ணப்பத்தைக் கொண்டுவந்தது. பணம் உண்மையான ஏழைக்கே போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறையில் கேள்விமேல் கேள்வியாகச் சேர்ந்து நூறைத் தாண்டின. 2006-இல் சூசன் டைனார்ஸ்கியும் ஜூடித் ஸ்காட்-கிளேட்டனும் வெளியிட்ட ஆய்வு இந்த அக்கறையின் அடிப்படையையே அசைத்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில விவரங்களே மானியத் தொகையை ஏறக்குறைய முழுவதும் தீர்மானிக்கின்றன, மற்றக் கேள்விகளால் முடிவு பெரிதாக மாறுவதில்லை என்று அவர்கள் காட்டினார்கள். அந்தச் சில விவரங்களும் வருமான வரித் துறையிடம் முன்பே இருப்பவை. ஒரு துறைக்குச் சொல்லிவிட்ட கணக்கை அதே அரசின் இன்னொரு துறைக்கு ஏழைக் குடும்பம் மீண்டும் எழுதித் தர வேண்டியிருந்தது.

எரிக் பெட்டிங்கர், பிரிட்ஜெட் டெரி லாங், பிலிப் ஓரியோபுலோஸ், லிசா சன்போன்மாட்சு ஆகியோர் 2008-இல் ஒஹாயோ மாநிலத்திலும் வட கரோலினாவின் ஷார்லட் வட்டாரத்திலும் நடத்திய சோதனையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எச் அண்ட் ஆர் பிளாக் என்ற வரிக்கணக்கு நிறுவனத்தின் கிளைகளுக்கு வருமானம் குறைந்த குடும்பங்கள் ஆண்டுதோறும் வரிப் படிவம் எழுத வருகின்றன. கணக்கு எழுதி முடிந்ததும், வீட்டில் கல்லூரி வயதுப் பிள்ளை இருக்கிறதா என்று ஊழியர் கேட்பார். இருந்தால், சற்றுமுன் எழுதிய வரிக்கணக்கிலிருந்தே நிதியுதவி விண்ணப்பத்தின் பெரும்பகுதியை மென்பொருள் நிரப்பிவிடும். மீதிக் கேள்விகளை ஊழியர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்வார். பத்து நிமிடம் போல ஆகும். எழுந்து போகும்போது, எவ்வளவு உதவி கிடைக்கக்கூடும், பக்கத்துக் கல்லூரிகளில் கட்டணம் எவ்வளவு என்று எழுதிய தாள் குடும்பத்தின் கையில் இருக்கும்.

இன்னொரு குழுவினருக்கு அந்தத் தாள் மட்டும் கிடைத்தது. எவ்வளவு கிடைக்கும் என்பதும் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். விண்ணப்பத்தை எழுதித் தர மட்டும் ஆளில்லை. ஆள் உதவி கிடைத்த குழுவில், தொடர்ந்து இரண்டாண்டு கல்லூரியில் படித்த பள்ளி இறுதியாண்டு மாணவரின் விகிதம் 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தது. தாள் மட்டும் பெற்ற குழுவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. அறியாமைதான் தடை என்றால் இந்த இரண்டாம் குழுவிலும் ஏதாவது அசைந்திருக்க வேண்டும். கல்வி ஆய்வில் இத்தனை மலிவான தலையீட்டுக்கு இத்தனை பெரிய பலன் கிடைப்பது அரிது. ஆனாலும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் இதை நாடு முழுக்க எடுத்துச் செய்ய எந்த அரசும் முன்வரவில்லை. இது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

அதற்குப் பதிலாகப் பரவியது குறுஞ்செய்தி. பெஞ்சமின் காஸில்மேனும் லிண்ட்சே பேஜும் செய்த தொடக்கச் சோதனைகளில் நினைவூட்டும் செய்திகள் நல்ல பலன் தந்தது உண்மை. ஆனால் அவை உள்ளூர் அமைப்புகள் தமக்குத் தெரிந்த மாணவருக்கு அனுப்பியவை. பதில் எழுதினால் மறுமுனையில் ஆலோசகர் ஒருவர் இருந்தார். அதே உத்தியை எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவரிடம் விரித்துப் பார்த்தபோது கல்லூரிச் சேர்க்கை அசையவே இல்லை. அந்த ஆய்வை எழுதியவர்களில் காஸில்மேனும் ஒருவர். தம் முந்தைய முடிவின் எல்லையைத் தாமே வெளியிட்ட அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். செய்தியோடு மனிதர் இருந்தபோது பலித்தது, செய்தி தனியாகப் போனபோது பலிக்கவில்லை என்றே இவ்விரண்டு முடிவுகளையும் நான் சேர்த்து வாசிக்கிறேன்.

சில மாநிலங்கள் சட்டத்தைக் கையில் எடுத்தன. விண்ணப்பம் நிரப்பினால்தான் பள்ளி முடித்த சான்று என்ற விதியை லூசியானா 2018-இல் பள்ளி முடித்தவர்களிடமிருந்து நடைமுறைப்படுத்தியது. இல்லினாய், அலபாமா, டெக்சஸ், கலிபோர்னியா முதலிய மாநிலங்கள் அதைப் பின்பற்றின. லூசியானா உடனடியாக நாட்டின் முன்வரிசைக்கு வந்தது. பெற்றோர் விரும்பாவிட்டால் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம் என்றிருந்தும், 2024-இல் அம்மாநிலக் கல்வி வாரியம் விதியையே நீக்கிவிட்டது. குடும்ப வருமானத்தை அரசுக்குச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தலாகாது என்பது எதிர்த்தவர்களின் வாதம். அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இந்தச் சட்டம் உண்மையில் யாரைக் கட்டுப்படுத்தியது என்று பார்க்க வேண்டும். மாணவருக்கு விலக்கு இருந்தது, பள்ளிக்கு இல்லை. யார் நிரப்பினார்கள், யார் இன்னும் பாக்கி என்று பெயர்வாரியாகப் பார்க்கும் பொறுப்பு பள்ளிக்கு வந்தது. கணினி அறையைத் திறந்துவைத்து, பெற்றோரை மாலையில் வரவழைத்து உட்காரவைக்க வேண்டிய கட்டாயமும் கூடவே வந்தது. சட்டத்தின் நன்மை அங்கேதான் விளைந்தது என்று கருதுகிறேன். அந்தப் பொறுப்பை மட்டும் பள்ளியிடம் வைத்துக்கொண்டு, மாணவரின் சான்றிதழைப் பணயம் வைக்கும் பகுதியை விட்டுவிடலாம்.

2020 டிசம்பரில் நிறைவேறிய எளிமையாக்கச் சட்டம் சுமையை அரசே ஏற்கும் திசையில் எடுத்துவைத்த பெரிய அடி. டென்னசி செனட்டர் லாமர் அலெக்சாண்டர் பழைய விண்ணப்பத்தை அவையில் நீளமாக விரித்துக் காட்டிப் பல ஆண்டுகள் வாதாடியதன் பலன் அது. கேள்விகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன. வருமான விவரம் வரித் துறையிலிருந்து நேரே வந்துவிடும் ஏற்பாடும் ஆயிற்று. நடைமுறைதான் சட்டத்தைக் காலை வாரியது. 2023 அக்டோபரில் திறக்க வேண்டிய புதிய படிவம் டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. கல்லூரிகளுக்கு விவரங்கள் மார்ச்சில்தான் போய்ச் சேர்ந்தன. முதல் ஐந்து மாதங்களில் உதவி மையத்துக்கு வந்த 54 லட்சம் அழைப்புகளில் ஏறத்தாழ நாற்பது லட்சத்தை எடுக்க ஆளில்லை என்று அரசின் தணிக்கை அலுவலகம் பின்னர் அறிவித்தது.

கேள்வி குறைந்தாலும் படிகள் குறையவில்லை. மாணவர் தமக்கொரு கணக்குத் தொடங்கி, பெற்றோருக்கு மின்னஞ்சலில் அழைப்பு அனுப்ப வேண்டும். பெற்றோர் தனிக்கணக்குத் தொடங்கி, வரித் துறை விவரத்தைத் தரலாம் என்று ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் இல்லையென்றால் ஒன்றிய அரசின் உதவி எதுவும் கிடையாது. பிரிந்து வாழும் பெற்றோர் என்றால், கடந்த ஓராண்டில் பிள்ளைக்கு அதிகம் செலவழித்தவர் தாயா தந்தையா என்று பார்த்து, அவரைக் கொண்டுதான் இத்தனையும் செய்ய வேண்டும். அந்த முதலாண்டில் அதிகம் அடிபட்டவர்கள் குடியேறிகளின் பிள்ளைகள். பிள்ளை அமெரிக்கக் குடிமகள், தாய்க்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லை என்றால், தாயின் பகுதியில் படிவம் மேலே நகர மறுத்தது. மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். எண் இல்லாத தன் பெயரை அரசின் கணினியில் பதிவதற்கே அஞ்சும் தாயிடம் மென்பொருள் சரியாகிவிட்டது என்று சொன்னால் போதாது. அவளுக்கு நம்பிக்கையான ஒருவர் அருகில் உட்கார்ந்து, நன்மையையும் ஆபத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்ற கேள்விக்குப் பள்ளி ஆலோசகர் என்று பதில் சொல்வது எளிது. 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்பது அவர்களுடைய தொழில்முறைச் சங்கத்தின் பரிந்துரை. 2022–23-இல் நாட்டின் சராசரி 385 மாணவருக்கு ஒருவர். அவர்களே பாட அட்டவணையும் போடுகிறார்கள், மனம் உடைந்த பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே விண்ணப்ப வேலைக்கென்றே ஆட்களை அமர்த்திச் சம்பளம் தர வேண்டும். கோடை மாதங்களுக்கும் தர வேண்டும். படிவம் அனுப்பியவர்களில் ஒரு பகுதியினரைக் கல்லூரிகள் சரிபார்ப்புக்கென்று மறுபடி ஆவணம் கேட்டு அழைப்பது, பள்ளி மூடி ஆலோசகர் விடுப்பில் இருக்கும் அந்த நாட்களிலும்தான்.

விண்ணப்பமே இல்லாமல் தொடங்கவும் வழியுண்டு என்று மிச்சிகன் காட்டியிருக்கிறது. பள்ளியில் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவு பெற்ற, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மிச்சிகன் பல்கலைக்கழகம் பள்ளிப் பதிவேட்டைக் கொண்டே அடையாளம் கண்டது. இடம் கிடைத்தால் நான்காண்டும் கட்டணம் இல்லை, அதற்காக நிதியுதவிப் படிவம் எதுவும் நிரப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே கடிதம் அனுப்பியது. கடிதம் பெற்றவர்களில் 68 சதவீதம் பேர் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர விண்ணப்பித்தார்கள். பெறாதவர்களில் 26 சதவீதம். சேர்ந்தவர்கள் 27 சதவீதம், மற்றக் குழுவில் 12. இதே குறைந்த வருமான மாணவருக்கு அங்கே பெரும் உதவி முன்பும் கிடைத்துவந்தது. அது உறுதியாகக் கிடைக்கும் என்பதைப் படிவத்துக்கு முன்பே சொன்னதுதான் புதிது. இன்றைய விதிப்படி, வருமானம் வறுமைக் கோட்டின் 175 சதவீதத்துக்குள் இருக்கும் குடும்பத்தின் பிள்ளைக்கு, ஒற்றைப் பெற்றோர் வீடானால் 225 சதவீதத்துக்குள், முழு பெல் மானியம் உண்டு. வருமானமும் குடும்ப எண்ணிக்கையும் வரித் துறையின் கையில் இருப்பதால், வரிக்கணக்கு தாக்கல் செய்யும் குடும்பங்களுக்குப் பதினோராம் வகுப்பிலேயே இப்படியொரு கடிதம் அனுப்புவதற்குத் தகவல் தடை ஏதுமில்லை. வரித் தகவலைப் பகிர்வதற்கான சட்ட அனுமதிதான் தேவை. கணக்குத் தாக்கல் செய்யாத குடும்பங்களுக்குப் பள்ளி உணவுப் பதிவேடு கைகொடுக்கும்.

கடைசியாக, எதை எண்ணுகிறோம் என்பதையும் மாற்ற வேண்டும். இப்போது ஜூன் முடிவில் நிரப்பப்பட்ட படிவங்களை எண்ணியே தரவரிசை போடப்படுகிறது. அந்தப் பட்டியலில் முன்னேற விரும்பும் பள்ளி, படிவம் போனதும் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறது. சரிபார்ப்பில் சிக்கியவளும், கையொப்பம் விட்டுப்போனதால் திரும்பி வந்தவனும் அந்த எண்ணிக்கையில் மறைந்துபோகிறார்கள். செப்டம்பரில் எத்தனை பேரின் கல்லூரிக் கணக்கில் மானியம் வரவாயிற்று என்று எண்ணினால், ஜூலையிலும் ஆகஸ்டிலும் அந்தப் பிள்ளைகளைத் தொலைபேசியில் அழைக்க மாநிலங்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.