வானத்துப் பிள்ளையும் பெரியம்மா வீட்டுப் பிள்ளையும்

நடுவர் அவர்களே! எதிரணியிலே அமர்ந்திருக்கிற இனிய நண்பர்களே! ஞாயிற்றுக்கிழமை சமையலைக் கொஞ்சம் தள்ளி வச்சிட்டு இந்தப் பெட்டிக்கு முன்னாலே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! 

"சூப்பர் ஹீரோ படக்கதைகளில் கதை சொல்லும் திறத்தால் விஞ்சி நிற்பது டி.சி. நிறுவனமா, மார்வெல் நிறுவனமா?" இதுதான் தலைப்பு. எனக்கு மார்வெல் கட்சி. தலைப்பைக் கேட்டதும் எங்கள் துறையிலே ஒருத்தர், "தொல்காப்பியம் நடத்துறவருக்கு இந்த வேலை எதுக்கய்யா?"ன்னு கேட்டார். கதையை யார் சொன்னது, எப்படிச் சொன்னதுன்னு ஆராய்றதுதானே ஐயா நம்ம பிழைப்பு! (சிரிப்பு)

எனக்கு முன்னாலே பேசின அம்மா ஒரு போடு போட்டாங்க. "1996-லே ரெண்டு கம்பெனியும் சேர்ந்து ஹீரோக்களை மோத விட்டாங்க. எங்க சூப்பர்மேன் உங்க ஹல்க்கை வீழ்த்திட்டாரு"ன்னாங்க. உண்மைதான். ஆனா அம்மா பாதியிலே நிறுத்திட்டாங்க. வாசகர் ஓட்டுக்கு விட்ட சண்டை மொத்தம் ஐந்து. சூப்பர்மேனும் பேட்மேனும் ஜெயிச்சாங்க. மற்ற மூணு சண்டையிலே ஜெயிச்ச ஸ்பைடர்மேன், வுல்வரின், ஸ்டார்ம் எல்லாம் எங்க ஆளுங்க. மூணுக்கு ரெண்டு! (கைதட்டல்) போகட்டும். நாம பேச வந்தது சண்டையைப் பத்தி இல்லை, கதையைப் பத்தி.

முதல் பெருமை டி.சி.க்குத்தான். அதை நான் மறுக்கலை. அமெரிக்காவிலே கிளீவ்லாந்துன்னு ஒரு ஊர். அங்கே ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர்னு இரண்டு இளைஞர்கள். ஒருத்தர் எழுதுவார், ஒருத்தர் வரைவார். இரண்டு பேரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். வேற்றுக் கிரகத்திலிருந்து குழந்தையாக வந்து பூமியிலே வளர்ந்த ஒரு மாவீரனைப் படைத்தார்கள். 1938-லே 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழிலே சூப்பர்மேன் பறந்து வந்தார். இல்லை, தப்பாச் சொல்லக் கூடாது, அப்ப அவருக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும்! விலை பத்து சென்ட். அந்தப் படைப்பின் உரிமை முழுவதையும் அவர்கள் விற்றது 130 டாலருக்கு. இந்த 130 டாலரைக் கொஞ்சம் மனசிலே வச்சுக்குங்க. திரும்ப வருவேன்.

இப்ப ஒரே ஒரு மாதத்தை மட்டும் எடுத்துக்கறேன். அட்டையிலே நவம்பர் 1961 என்று போட்ட இரண்டு புத்தகங்கள்.

முதலாவது டி.சி.யின் 'சூப்பர்மேன்' 149-ஆம் இதழ். கதை என்ன? வில்லன் லெக்ஸ் லூதர் திருந்தியதாக நடிக்கிறான். புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துக் கொடுக்கிறான். உலகமே நம்புது, சூப்பர்மேனும் நம்புறார். நம்பினவரைக் கட்டிப்போட்டு நஞ்சுக் கதிராலே கொல்கிறான். சூப்பர்மேன் செத்தே போறார். படிக்கிற பிள்ளைக்குத் தொண்டை அடைக்கும். அற்புதமான கதை! ஆனா அது 'கற்பனைக் கதை' என்று அதிலேயே சொல்லிடுவாங்க. அதாவது கதைக்குள்ளே ஒரு கதை, கணக்கிலே சேராது. அடுத்த மாதம் சூப்பர்மேன் சௌக்கியமா வருவார். இதுதான் அந்தக் காலத்து டி.சி. முறை. மெட்ரோபொலிஸ், கோதம்னு வரைபடத்திலே இல்லாத ஊர்கள். தெய்வம் மாதிரி நாயகர்கள். கதை பெரும்பாலும் ஒரு இதழிலேயே முடிஞ்சிடும், ஒண்ணும் மாறாது. எழுத்தாளர் முழு வசனத்தோடு எழுதிக் கொடுப்பார். ஆசிரியர் குழு திருத்தும். ஓவியர் அதன்படி வரைவார். சுத்தமான, ஒழுங்கான வேலை.

இரண்டாவது புத்தகம் மார்வெலின் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' முதல் இதழ். எழுத்து ஸ்டான் லீ, படம் ஜாக் கிர்பி. நாலு பேர் ராக்கெட்டிலே போறாங்க, விண்வெளிக் கதிர் பட்டு உடம்பு மாறுது. வரம் கிடைச்சதா? சாபம்னுதான் சொல்லணும். பென் கிரிம்னு ஒருத்தன் ஆரஞ்சு நிறப் பாறையாவே ஆயிட்டான். அழுகிறான், கத்துகிறான், தலைவனோடு சண்டைக்கு நிற்கிறான். கூட்டுக் குடும்பத்திலே நடக்கிற சண்டை அத்தனையும் அதிலே உண்டு! முதல் இரண்டு இதழிலே சீருடைகூடக் கிடையாது. முக்கியமா, பென் அடுத்த மாதம் சரியாகலை. அவனுக்கு நடந்தது நடந்ததுதான்.

மறு ஆண்டு, 1962-லே ஸ்பைடர்மேன். லீயும் ஸ்டீவ் டிட்கோவும் சேர்ந்து படைத்தது. ஊர் நியூயார்க், குவீன்ஸ் பகுதி. பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய இடம். பீட்டர் பார்க்கர் தாய் தகப்பன் இல்லாத பள்ளிக்கூடத்துப் பையன். வளர்க்கிறது அங்கிளும் ஆன்ட்டியும். நம்ம முறைக்குப் பெரியப்பா, பெரியம்மான்னு வச்சுக்குங்க. நமக்கென்னன்னு ஒரு திருடனை ஓட விடறான். அதே திருடன் பெரியப்பாவைக் கொன்னுடறான். அந்தக் குற்ற உணர்ச்சிதான் அவனை ஹீரோவாக்குது. அப்புறம் வீட்டிலே பணக் கஷ்டம். தன்னையே போட்டோ எடுத்து ஒரு பத்திரிகைக்கு விற்கிறான். அந்தப் பத்திரிகைக்காரரோ அதே போட்டோவைப் போட்டு இவனையே திட்டி எழுதறார். பையன் அந்தக் காசிலே பெரியம்மாவைப் பார்த்துக்கிறான்! 1973-லே அவன் காதலி க்வென் ஸ்டேசி செத்தா. கற்பனைக் கதைன்னு யாரும் அதிலே ஆறுதல் சொல்லலை.

இந்தத் துணிச்சல் மார்வெலுக்கு எங்கேயிருந்து வந்தது? வறுமையிலேயிருந்து ஐயா! 1957-லே அவங்க புத்தகங்களைக் கடைக்குக் கொண்டுபோக ஆள் இல்லாமப் போச்சு. கடைசியிலே போய் நின்றது எந்த வாசல் தெரியுமா? டி.சி.யின் குடும்பத்துக்கே சொந்தமான விநியோகக் கம்பெனி வாசல். எதிராளி லாரியிலே சரக்கு ஏத்தணும்! மாசம் ஏறத்தாழ எட்டு புத்தகத்துக்கு மேலே ஏத்த மாட்டோம்னு நிபந்தனை வேறே. பத்துப் புத்தகம் தோற்றால் பதினோராவது இருக்குன்னு இருக்க முடியாது. ஒவ்வொண்ணும் நின்னாகணும்.

ஆளும் குறைவு. லீ ஒருத்தரே அத்தனைக்கும் வசனம் எழுதணும். அதனாலே ஒரு வழி செய்தார். கதைச் சுருக்கத்தை மட்டும் ஓவியரிடம் சொல்லிவிடுவார், சில சமயம் வாய்ப்பேச்சாகவே. ஓவியர் வீட்டிலே உட்கார்ந்து முழுக் கதையையும் படமாக வரைந்து கொண்டு வருவார். அப்புறம் லீ வசனம் எழுதுவார். 'மார்வெல் முறை'ன்னு இதுக்குப் பேரே வந்துட்டுது. படம்தான் கதையை நடத்தும். அதனாலேதான் அந்தப் பக்கங்களிலே அப்படி ஒரு வேகம். குத்துகிற கை பக்கத்தைக் கிழிச்சுக்கிட்டு வர்ற மாதிரி இருக்கும். 1966-லே உலகங்களைத் தின்கிற கேலக்டஸ் கதையை லீ சொன்னார். கிர்பி வரைந்து வந்த பக்கங்களிலே, பலகை மேல் ஏறி வானத்திலே சறுக்கி வரும் வெள்ளி உடம்புக்காரன் ஒருத்தன் நின்றான். "இது யாரய்யா?"ன்னு கேட்கிற நிலைமை, ஏன்னா லீ சொன்ன கதையிலே அவன் இல்லை. அவன்தான் சில்வர் சர்ஃபர்.

இங்கேதான் என் கட்சிக்கே ஒரு சிக்கல். வசனம் எழுதினவர் எழுத்தாளர், வரைந்தவர் ஓவியர்னு புத்தகத்திலே போட்டாங்க. சொல்லாத பாத்திரத்தைப் படைச்சவருக்கு என்ன பேர்? டிட்கோ 1966-லே வெளியேறினார். கிர்பி 1970-லே எதிரணிக்கே, டி.சி.க்கே போனார். அங்கே என்ன வரவேற்பு? அவர் வரைந்த சூப்பர்மேன் முகம் எங்க சூப்பர்மேன் மாதிரி இல்லைன்னு முகத்தை மட்டும் வேறொருத்தரை விட்டு மாத்தி வரையச் சொன்னாங்க! தெய்வத்துக்கு முகம் மாறக் கூடாதாம்.

1986-லே 'வாட்ச்மென்', 'டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' இரண்டும் டி.சி.யிலே வந்தது, கதை சொல்றதிலே அது பெரிய பாய்ச்சல். அந்த மார்க்கை அவங்களுக்குக் கொடுத்துடறேன்.

ஆனா எதிரணி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும். நான் சொன்ன அந்த 149-ஆம் இதழ், சூப்பர்மேன் சாகிற கதை, எழுதியது யார்? புத்தகத்திலே பேர் இல்லை. எழுதியவர் ஜெர்ரி சீகல்! சூப்பர்மேனைப் பெற்றவரே! 1947-லே உரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள்; வழக்கு முடிந்ததும் இருவர் பேரையும் எடுத்துவிட்டார்கள். பிழைப்புக்காக 1959-லே அதே கம்பெனிக்குத் திரும்பி வந்து, தான் படைத்த பிள்ளையின் சாவைப் பேரில்லாமல் எழுதிக் கொடுத்திருக்கிறார். குறுந்தொகையிலே பேர் தெரியாத புலவருக்குக்கூட, அவர் பாட்டுச் சொல்லையே எடுத்துச் செம்புலப்பெயனீரார்னு பேர் வைச்ச மொழி ஐயா நம்மது. பேர் தெரிஞ்சும் போடாம இருக்கிறதுக்கு என்ன சொல்றது?

1975-லே, சூப்பர்மேன் சினிமா எடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும், சீகல் பத்திரிகைகளுக்கு எழுதினார். ஷஸ்டருக்கு அப்ப கண் பார்வை மங்கிப் போச்சு. சக ஓவியர்கள் கூடி நின்று போராடினார்கள். ஆண்டுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்கவும், பேரைத் திரும்பப் போடவும் கம்பெனி சம்மதிச்சது. பேட்மேனுக்கு உடையும் ஊரும் கதையும் கொடுத்த பில் ஃபிங்கர் 1974-லேயே போய்ச் சேர்ந்துட்டார். பாப் கேன் பேருக்குப் பக்கத்திலே அவர் பேர் முறைப்படி ஏறினது 2015-லே. எங்க கட்சி யோக்கியமா? கிர்பி 1994-லே காலமானார். அவர் பிள்ளைகளோடு மார்வெல் சமரசத்துக்கு வந்தது 2014-லே. இருபது வருஷம்.

நடுவர் மணி மேலே கை வைக்கிறார். அந்த 130 டாலரைச் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன். வேறு வேலைகளுக்கான கூலியையும் சேர்த்து 412 டாலருக்கு ஒரே செக்காகக் கொடுத்தாங்க. அந்தச் செக்கு, அந்தக் காகிதம், 2012-லே ஏலத்துக்கு வந்தது. 1,60,000 டாலருக்குப் போச்சு. ஷஸ்டர் 1992-லேயும் சீகல் 1996-லேயும் காலமாகிவிட்டார்கள்.

 (கைதட்டல்)