முகவரியோடு வந்த கடிதங்கள்

அறிவியல் புனைகதை ரசிகர்கள் ஒரு கூட்டமாகத் திரண்டது ஒரு பத்திரிகையின் கடிதப் பக்கத்தில். 1926 ஏப்ரலில் நியூயார்க்கில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ மாத இதழைத் தொடங்கினார். லக்சம்பர்க்கில் பிறந்தவர், ரேடியோ பாகங்கள் விற்று, ரேடியோ பத்திரிகைகள் நடத்திப் பழகியவர். அறிவியல் கதைகளுக்கென்றே ஆங்கிலத்தில் வந்த முதல் இதழ் இது. விலை 25 சென்ட். வாசகர் கடிதங்களை அச்சிட்டபோது எழுதியவரின் பெயரோடு முழு முகவரியையும் போட்டார். தமிழ் வார இதழ்களில் கடிதத்தின் கீழே பெயரும் ஊரும்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு யாரையும் தேடிப் பிடிக்க முடியாது. இங்கே தெருவும் கதவு எண்ணும் இருந்தன. ஒருவருடைய கருத்தோடு மல்லுக்கு நிற்க விரும்பிய இன்னொரு ஊர்க்காரர், பத்திரிகையை நம்பியிராமல் அவருக்கே கடிதம் போட்டார். ஒரே ஊர்க்காரர்கள் என்றால் நேரில் போய்க் கதவைத் தட்டினார்கள்.

அப்படிச் சேர்ந்தவர்கள் சொந்தப் பத்திரிகை நடத்தத் தொடங்கினார்கள். 1930 மே மாதம் வெளிவந்த ‘தி காமெட்’ முதல் ரசிகர் இதழாகக் கருதப்படுகிறது. 1932இல் நியூயார்க் இளைஞர்கள் ‘தி டைம் டிராவலர்’ இதழைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு கிளீவ்லாந்தில் ஜெரி சீகல் என்ற பள்ளி மாணவர் ‘சயன்ஸ் ஃபிக்‌ஷன்’ என்ற இதழைத் தொடங்கினார். அதில் அவர் எழுதி, நண்பர் ஜோ ஷஸ்டர் படம் போட்ட கதை ஒன்றில் ‘சூப்பர்மேன்’ என்ற பெயர் முதலில் வந்தது. ஆனால் அந்தச் சூப்பர்மேன் வில்லன். நல்லவனாக்கி உடையும் மாட்டிவிட்டது பிறகு.

அச்சகத்துக்குக் கொடுக்கக் காசு இல்லாதவர்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, ஸ்டென்சில் வெட்டிச் சைக்ளோஸ்டைல் எடுப்பது. அதற்கும் வசதியில்லாதவர் ஹெக்டோகிராஃப் பக்கம் போவார். ஜெலட்டினைக் காய்ச்சித் தட்டில் ஊற்றி ஆறவைத்தால் கட்டியான ஜெல்லிபோல் நிற்கும். தனி வகை ஊதா மையால் எழுதிய தாளை அதன்மேல் கவிழ்த்து வைத்தால் மை ஜெலட்டினில் இறங்கிவிடும். பிறகு வெள்ளைத் தாளை ஒவ்வொன்றாகப் பரப்பி, உள்ளங்கையால் தடவி உரித்தெடுக்க வேண்டும். ஐம்பது பிரதிக்கு மேல் போனால் எழுத்து வெளிறிவிடும். இதழின் வாசகர் எண்ணிக்கையைத் தீர்மானித்தது அந்த மைதான். நம் ஊர்க் கையெழுத்துப் பத்திரிகைக்காரர்களுக்கு இந்தப் பாடு புரியும். இத்தகைய இதழ்களுக்கு ‘ஃபேன்ஜீன்’ என்ற பெயரை 1940இல் ரஸ் ஷோவெனே என்ற ரசிகர் சூட்டினார்.

கருத்து இருக்கும் இடத்தில் கட்சியும் வந்தது. 1939 ஜூலை 2ஆம் தேதி நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு கூடியது. வந்தவர் சுமார் 200 பேர். ஃபாரஸ்ட் ஆக்கர்மேன், மிர்ட்டில் டக்ளஸ் என்ற இரு ரசிகர்கள் எதிர்கால மனிதர்களைப்போல் உடுத்தி வந்தார்கள்; ரசிகர்கள் வேடமணிந்து வரும் வழக்கம் இதிலிருந்துதான் பரவியது. பதினெட்டு வயது ரே பிராட்பரி, ஆக்கர்மேனிடம் கடன் வாங்கிப் பஸ் ஏறி வந்தார். வாசலிலோ வேறு நாடகம். அரசியல் பேசும் ‘ஃபியூச்சரியன்ஸ்’ குழுவைச் சேர்ந்த ஆறு பேரை, கலாட்டா செய்வார்கள் என்று அஞ்சி, அமைப்பாளர்கள் உள்ளே விடவில்லை. அந்த ஆறு பேரில் டொனால்ட் வோல்ஹெய்ம், ஃப்ரெடெரிக் போல், சிரில் கார்ன்ப்ளூத் ஆகியோர் பின்னாளில் இத்துறையின் பெரிய பெயர்கள். அதே குழுவின் ஐசக் அசிமோவ் தடையின்றி உள்ளே போய்விட்டார். தடுத்த அமைப்பாளர் சாம் மாஸ்கோவிட்சுக்கும் தடுக்கப்பட்ட போலுக்கும் வயது பத்தொன்பது என்பதை நினைத்தால் சண்டையின் சூடு விளங்கும்.

அசிமோவும் கடிதப் பக்கத்தில் வளர்ந்தவர். 1938 வாக்கில் ‘அஸ்டவுண்டிங்’ இதழுக்குக் கதைகளை மதிப்பிட்டு எழுதியவர், விண்வெளிக் கதையில் காதலும் பெண்ணும் எதற்கு என்றும் வாதாடினார். வாசகியர் அதே பக்கத்தில் அவரை ஒரு கை பார்த்தார்கள். இதழின் ஆசிரியர் ஜான் கேம்பெல் இந்தக் கருத்துகளை வீணாக்கவில்லை. கடிதங்களைக் கொண்டு கதைகளை வரிசைப்படுத்தி ஒவ்வொரு இதழிலும் வெளியிட்டார். ரசிகருக்கும் ஆசிரியருக்கும் இருந்த நெருக்கத்துக்கு 1948 நவம்பர் இதழே சாட்சி. ஒரு வாசகர் 1949 நவம்பர் இதழைப் படித்து முடித்ததுபோல், இன்னும் எழுதப்படாத கதைகளைப் பெயர் சொல்லிப் பாராட்டியும் குறைசொல்லியும் கடிதம் எழுதியிருந்தார். கேம்பெல் அதை அச்சிட்டுவிட்டு, அந்த எழுத்தாளர்களிடம் அந்தத் தலைப்புகளிலேயே கதை கேட்டார். ராபர்ட் ஹைன்லைன், தியோடர் ஸ்டர்ஜன் உள்ளிட்டோர் எழுதியும் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து அந்த இதழ் பெரும்பாலும் கடிதத்தில் கண்டபடியே வந்தது.

1953இல் மாநாட்டு ரசிகர்கள் கெர்ன்ஸ்பேக்கின் பெயரால் ஹ்யூகோ விருதைத் தொடங்கினார்கள். 1965இல் அவர்களுடைய குரல் வியாபாரத்தையும் அசைத்தது. ஏஸ் பதிப்பகத்தின் ஆசிரியராகியிருந்த அதே வோல்ஹெய்ம், அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் இடைவெளியைச் சொல்லி, ‘தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலை டோல்கீனின் அனுமதியில்லாமல் மலிவுப் பதிப்பாக்கினார். பாகம் 75 சென்ட். அனுமதி பெற்ற பாலன்டைன் பதிப்பு 95 சென்ட். டோல்கீன் தமக்கு எழுதிய அமெரிக்க வாசகர்களிடமெல்லாம் விஷயத்தைச் சொல்ல, எதிர்ப்பு கிளம்பியது. ஏஸ் டோல்கீனுக்குப் பணம் கொடுத்து, மறுபதிப்பையும் கைவிட்டது.

தொலைக்காட்சியின் முறை அடுத்து வந்தது. 1966 செப்டம்பரில் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ இரண்டாம் பருவத்தோடு நிற்கப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, ரசிகை பீஜோ டிரிம்பிளும் கணவர் ஜானும் கடித இயக்கம் நடத்தினார்கள். அச்சடித்த வாசகம் கூடாது, சொந்த வார்த்தையில் எழுத வேண்டும், ஒவ்வொருவரும் இன்னும் பத்துப் பேரை எழுதவைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1968 ஜனவரியில் கால்டெக் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் சுமார் 200 பேர், தொடரை ஒளிபரப்பிய என்.பி.சி. நிறுவனத்தின் பர்பேங்க் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். மார்ச் 1ஆம் தேதி, தொடர் நீடிக்கும் என்று என்.பி.சி. ஒளிபரப்பிலேயே அறிவித்தது. ஆனால் ஒதுக்கிய நேரம் வெள்ளி இரவு 10 மணி. இளைஞர்கள் வீட்டில் தங்காத நேரம். 1969 ஜூனில் தொடர் நின்றது.

கடிதங்களின் உண்மையான பலன் மறுஒளிபரப்பில் தெரிந்தது. இரண்டு பருவத்தோடு முடிந்திருந்தால் 55 அத்தியாயங்கள். வாரம் ஐந்து நாள் போட்டால் 11 வாரத்தில் தீர்ந்திருக்கும். மூன்றாம் பருவம் சேர்ந்து 79 ஆனதால் உள்ளூர் நிலையங்கள் ஏறக்குறைய நான்கு மாதம் தினமும் ஓட்ட முடிந்தது. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் கூடிய ‘ஸ்டார் டிரெக்’ மாநாட்டுக்குச் சில நூறு பேரை எதிர்பார்த்தார்கள். 3,000 பேருக்கு மேல் வந்தார்கள். 1976இல் முதல் விண்வெளி ஓடத்துக்குத் தொடரில் வரும் ‘எண்டர்பிரைஸ்’ கப்பலின் பெயரை வைக்கும்படி வெள்ளை மாளிகைக்குக் கடிதங்கள் குவிந்தன. ‘கான்ஸ்டிடியூஷன்’ என்று முன்பு எண்ணியிருந்த பெயர் மாறியது. செப்டம்பர் 17 அன்று ஓடத்தை வெளியே கொண்டுவந்தபோது நடிகர்களும் விருந்தினராக வந்திருந்தார்கள். சோதனைக்கென்று கட்டிய அந்த ஓடம் விமானத்தின் முதுகிலிருந்து விடுபட்டு மிதந்து இறங்கியதோடு சரி, விண்வெளிக்குப் போகவேயில்லை.