நவம்பர் 1: இரண்டு கொச்சிகள்

1858 நவம்பர் 1. கம்பெனி ஆட்சி முடிந்தது, இனி மகாராணியின் ஆட்சி என்ற விக்டோரியாவின் பிரகடனத்தை அலகாபாத்தில் கானிங் பிரபு வெளியிட்டார். பிரிட்டிஷ் சரித்திரத்தில் அந்தத் தேதிக்கு அவ்வளவுதான் வேலை. கொச்சியில் அது மேலும் மூன்று முறை வந்து நின்றது.

அந்நாளில் கொச்சி என்றால், எந்தக் கொச்சி என்று கேட்க வேண்டும். மட்டாஞ்சேரி, எர்ணாகுளம், வயலும் காயலுமாய்க் கிடந்த வைட்டிலா எல்லாம் ராஜாவின் கொச்சி. மட்டாஞ்சேரியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஃபோர்ட் கொச்சி மட்டும் பிரிட்டிஷ் கொச்சி. அது மலபார் ஜில்லாவில் சேர்ந்தது. அதற்கு மேலிடம் சென்னை.

இதற்கு விதை விழுந்தது ஐரோப்பாவில். 1795 ஜனவரியில் பிரெஞ்சுப் புரட்சிப் படை ஹாலந்தைப் பிடித்தது. இங்கிலாந்துக்குத் தப்பிய ஆரஞ்சு இளவரசர் ஐந்தாம் வில்லியம், லண்டனை அடுத்த கியூவில் இருந்தபடி டச்சுக் குடியேற்றங்களுக்குக் கடிதம் எழுதினார். பிரெஞ்சுக்காரரிடம் சிக்குவதற்குள் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்பது அதன் சாரம். கொச்சியின் டச்சு கவர்னர் வான் ஸ்பால் மசியவில்லை. ஊரைவிட்டு ஓடிய எஜமானின் சீட்டை நம்பிக் கோட்டையைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? மேஜர் பெட்ரி படையோடு வந்து முற்றுகையிட்டார். அக்டோபர் 20 அன்று கோட்டை பணிந்தது. 1663-இல் தொடங்கிய டச்சு அதிகாரம் முடிந்தது.

பிடித்த கோட்டையை ஆங்கிலேயர் கட்டிக் காக்கவில்லை. 1806-இல் மதிலையும் உள்ளிருந்த பல கட்டடங்களையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1814 ஆகஸ்ட் 13-ஆம் தேதி லண்டன் உடன்படிக்கையில், சுமத்ராவை ஒட்டிய பங்கா தீவை டச்சுக்காரருக்கு விட்டுக்கொடுத்துக் கொச்சிக்குப் பட்டா வாங்கிக்கொண்டார்கள். வெள்ளீயத் தீவுக்கு மிளகுத் துறைமுகம் ஈடு. இரண்டு ஊர்க்காரர்களுக்கும் அதில் பேச்சில்லை.

1866 நவம்பர் 1 அன்று, சென்னை மாகாணச் சட்டப்படி ஃபோர்ட் கொச்சி முனிசிபாலிட்டி ஆனது. 1949 ஜூலை 1-இல் ராஜாவின் கொச்சி திருவிதாங்கூரோடு சேர்ந்தபோதும் ஃபோர்ட் கொச்சி சென்னையோடுதான் இருந்தது. வெள்ளைக்காரன் போய் இரண்டு வருஷமாகியும் அவன் போட்ட கோடு போகவில்லை! 1956 நவம்பர் 1 அன்று மலபாரோடு சேர்ந்து அது கேரளத்துக்குப் போயிற்று. கன்னியாகுமரி நம்மிடம் வந்ததும் அன்றுதான். வந்ததை ஆண்டுதோறும் பேசுகிறோம். போனதைப் பேசுவோர் குறைவு.

அப்போதும் ஊராட்சி ஒன்றாகவில்லை. 1967 நவம்பர் 1 அன்றுதான் ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் நகராட்சிகளும் வில்லிங்டன் தீவும், வைட்டிலா உள்ளிட்ட நான்கு பஞ்சாயத்துகளும் சேர்ந்து கொச்சி மாநகராட்சி ஆயின. பொக்காளி நெல்லுக்கு ஆராய்ச்சி நிலையம் வைத்திருந்த வைட்டிலா, ஒரே நாளில் பட்டணம் ஆகிவிட்டது. பிற்காலத்தில் அங்கேயே பெரிய பஸ் நிலையமும் மெட்ரோவும் வந்தன. 1795-இல் வெள்ளைக்காரன் கைக்குப் போன கோட்டைப் பகுதிக்கும் ராஜாவின் வயல்வெளிக்கும் ஒரே மேயர் வர 172 ஆண்டுகள் ஆயின.

அடுத்த வாரம்: 1808 டிசம்பரில் பாலியத்து அச்சனின் ஆட்கள் ரெசிடென்ட் மெக்காலேயைத் தேடி வந்த இரவு.