சவரக்கத்தியின் தேய்மானம்: சேகரிப்பும் புழக்கமும்

இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் சவரக்கத்தி. இலக்கிய மேடையில் இதென்ன பேச்சு என்று சில தோழர்கள் கேட்டார்கள். ரிஷிவந்தியம் வட்டாரத்தில் உழைக்கும் மக்கள் புழங்கிய பழம்பொருள்களைச் சேர்த்துவைக்க வேண்டும் என்ற யோசனை நமக்குள் சில காலமாக இருக்கிறது. கலப்பை, மரக்கால், பறை, உலக்கை என்று பட்டியல் போட்டபோது யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சவரக்கத்தி என்றதும் விவாதம் வந்தது. பழைய கத்தியைப் பெட்டிக்குள் வைத்துக் காப்பதா, தீட்டி இன்றைக்கும் புழங்குவதா என்பது உலகெங்கும் கத்தி சேகரிப்பவர்கள் தமக்குள் போட்டுக்கொள்ளும் வழக்கு. நமக்கு அந்த வழக்கே வேறு. நம் தாத்தாக்கள் பலருடைய முகத்தை ஊர்க் கத்தி தொட்டதே இல்லை.

சேகரிப்பவரின் பக்கத்தை முதலில் பார்ப்போம். அவர் தேடுவது மடக்குக்கத்தி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலோ ஜெர்மனியின் சோலிங்கனிலோ செய்ததாக இருந்தால் மதிப்பு அதிகம். பிடி தந்தமா, கொம்பா, செல்லுலாய்டா என்று பார்ப்பார். அலகின் அகலம் குறையாமலும் முத்திரை அழியாமலும் இருந்தால் விலை ஏறும். யாரும் அதிகம் சிரைக்காத கத்திக்குத்தான் அங்கே மரியாதை. (சிரைத்தல் என்ற தொழிற்சொல்லை வசவுச்சொல்லாக்கியது யார் என்பது உங்களுக்குத் தெரியும், நாங்கள் அதைத் தொழிற்சொல்லாகவே எழுதுகிறோம்.) புழங்குகிறவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். நல்ல எஃகுக்கு வயதில்லை, கல்லில் பிடித்து வாரில் தீட்டினால் நூறு வருடத்துக் கத்தியும் இன்று காலையில் வேலை செய்யும், சும்மா கிடந்தால் துருதான் தின்னும் என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. தோல் வாரில் தீட்டுவது பெரும்பாலும் முனையை நேராக்கும். சாணைக்கல்லில் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் எஃகு கொஞ்சம் போகும். பல ஆண்டு உழைத்த கத்தியின் அலகு பாதியாக ஒடுங்கிவிடும்.

ஷெஃபீல்டு முத்திரை பற்றி ஒரு செய்தி. ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830-இல் நம் பழைய தென்னார்க்காட்டின் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தாது வந்தது சேலத்துப் பக்கமிருந்து. அங்கே உருக்கிய இரும்பு ஷெஃபீல்டுக்குக் கப்பலேறியது. 1839-இல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு அவர் காப்புரிமையும் வாங்கினார். அதற்கும் முன்பே, நம் நாட்டு உருக்கைப் பார்த்து வியந்த மைக்கேல் ஃபாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரருடன் சேர்ந்து எஃகுச் சோதனைகள் செய்தார். தன் எஃகில் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். கத்தியின் கழுத்தில் ஆலையின் பெயர் இருக்கும். தாது சுமந்தவர் பெயரைத் தேடிப் பயனில்லை.

இனி நம் ஊர்க் கத்திக்கு வருவோம். அது முடிதிருத்துபவரின் அடைப்பத்தில் இருந்தது. கூடவே கிண்ணி, படிகாரம், சாணைக்கல், நகம் எடுக்கும் கருவி. ஊர்க் குடியானவர் வீடுகளுக்கு அவர் போய்ச் சிரைக்க வேண்டும். கூலி காசாக வராது, அறுவடையின்போது களத்தில் தானியமாக வரும். ஊர்த் தொழிலாளிகளுக்கு இப்படிப் பரம்பரையாக அளக்கும் பங்குக்குச் ‘சுதந்திரம்’ என்று பெயர். அந்தச் சொல்லை வேறு பொருளில் மட்டுமே படித்த மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சுதந்திரத்தை வாங்குகிறவர் ஊருக்குக் கட்டுப்பட்டவர். வண்டியேறி வேறு பிழைப்புக்குப் போகவும் அவருக்கு எளிதில் முடியாது. பிரசவம், வைத்தியம், சாவுச் சடங்கு என்று ஊரின் உடம்பு சம்பந்தப்பட்ட எல்லா வேலைக்கும் அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டார்கள். மரியாதை மட்டும் கொடுக்கவில்லை.

அந்தக் கத்தி சேரிக்கு வராது. வந்தால் அடுத்த நாள் ஊரில் அதற்கு வேலை இருக்காது. முடிதிருத்தும் சாதியாரே நம்மை விலக்கினார்கள் என்று கோபத்தோடு பேசுவது நம் கூட்டங்களில் வழக்கம். கோபம் நியாயம்தான். ஆனால் யார் முகத்தைத் தொடலாம் என்று முடிவு செய்தது களத்தில் நெல் அளந்தவர். அந்தக் கட்டளையைக் கத்தி பிடித்தவர் தம்முடைய பெருமையாகவும் எடுத்துக்கொண்டார் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. சாதி இப்படித்தான் ஒடுக்கப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் கீழே இன்னொருவரைக் காட்டி நிற்கிறது. நமக்குள்ளும் காட்டியது. பல இடங்களில் சேரியின் துணியை வெளுத்த புதிரை வண்ணார் குடும்பத்துக்கே சேரியின் தலைமுடியும் தாடியும் வேலையானது. அவர்களுக்கு நாம் அளந்த கூலி என்ன, அவர்களை நாம் எந்த வாசலில் நிறுத்தினோம் என்பதும் இந்த வரலாற்றின் பகுதிதான்.

சதாராவில் சிறுவனாக இருந்தபோது தனக்கு முடிவெட்டியவர் தன் அக்காதான் என்று பாபாசாகேப் அம்பேத்கர் எழுதியிருக்கிறார். அங்கே முடிதிருத்துவோர் இல்லாமல் இல்லை. குடும்பத்திடம் கூலி கொடுக்கப் பணமும் இருந்தது. தீண்டத்தகாதவர் தலையில் கைவைக்க யாரும் சம்மதிக்கவில்லை. அந்தச் சிறுவன் வளர்ந்து 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில், இன்றைய 15-ஆம் பிரிவுக்கான விவாதத்தில் பதில் சொல்ல எழுந்தார். கடைகளுக்குள் நுழைவதைத் தடுக்கக் கூடாது என்ற வரியில் ‘கடை’ என்றால் எது எது என்ற கேள்வி வந்திருந்தது. சேவை தருவதாக இடம் திறந்து வைத்திருக்கும் எவரும் அதில் அடங்குவர் என்று அவர் விளக்கினார். சட்டச் சொல் ஒன்றை அவர் அவ்வளவு விரித்துப் பிடித்தபோது அக்காவின் கத்தரிக்கோல் அவர் நினைவில் வந்திருக்கும் என்றே நாங்கள் எண்ணுகிறோம். 1955-இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் சேவை மறுப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1976-இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதற்குப் பிறகும், 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் ஆய்வு செய்து 2006-இல் வெளிவந்த நூல், ஏறத்தாழ பாதிக் கிராமங்களில் தலித்துகளுக்கு முடிதிருத்தும் சேவை மறுக்கப்படுவதாகச் சொன்னது.

சட்டத்துக்கு முன்பே இன்னொரு பொருள் வந்துவிட்டது. கிங் கேம்ப் ஜில்லெட்டின் பாதுகாப்பு ரேசருக்கு 1904-இல் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்காக 35 லட்சம் ரேசர்கள் வாங்கப்பட்டன. போர்க்களத்தில் சிப்பாய் தானே சிரைத்துக்கொண்டான். ராணுவம், சுரங்கம், ரயில்வே, துறைமுகம் என்று வேலைக்குப் போன நம்மவர்களுக்கும் கண்ணாடி முன் நின்று தன் முகத்தைத் தானே சிரைத்துக்கொள்வது பழகியது. மற்ற வீடுகளில் ‘சேவிங் செட்’ ஒரு வசதி. சேரிக்கு அது, யாரிடமும் கேட்காமல் சுத்தமான முகத்தோடு தெருவில் நடக்கும் வழி. பிறகு பேருந்து வந்தது. கள்ளக்குறிச்சிக்கோ திருக்கோவிலூருக்கோ போய், யாரென்று தெரியாத சலூனில் முடிவெட்டிக்கொண்டு வந்ததை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பேருந்துக் கட்டணத்தையும் ஒரு நாள் கூலியையும் சேர்த்தால் ஊரிலேயே வெட்டிக்கொண்டவரைவிட அவர்களுக்கு எத்தனை மடங்கு செலவு என்பதை யாரும் கணக்குப் போட்டதில்லை. எய்ட்ஸ் பற்றிய அச்சம் பரவியதும் ஆளுக்கொரு புது பிளேடு என்பது சலூன்களில் வழக்கமாயிற்று. ஆளுக்கெல்லாம் ஒரே நாற்காலி என்பது இன்னும் எல்லா ஊரிலும் வழக்கமாகவில்லை.

ஆகவே சேகரிப்பா, புழக்கமா என்று கேட்டால், புழக்கத்தின் பக்கமே நாங்கள் நிற்கிறோம். கத்தியைத் திரும்பச் சிரைக்க எடுக்க வேண்டும் என்பதற்காக அல்ல. சேகரிப்பவர் ஒதுக்கிவைக்கும் தேய்ந்த கத்திதான் நமக்கு வேண்டும். அதன் குறைந்த அகலத்தில் ஓர் ஊரின் ஐம்பது ஆண்டுத் தாடி இருக்கிறது. எவருடைய தாடி இல்லை என்பதை மட்டும் எஃகு சொல்லாது. அதைக் கேட்டு எழுத வேண்டும். பளபளப்பாக்கி, பிடியை மாற்றி, ‘பழங்காலச் சவரக்கத்தி’ என்று ஒரு சீட்டு ஒட்டினால் விலக்கியவருக்கும் விலக்கப்பட்டவருக்கும் அது ஒரே அழகான பழம்பொருளாகிவிடும். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளில் தென்னிந்தியச் சாதிகளை அப்படித்தான் அடுக்கினார்: அகர வரிசையில் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு தலைப்பு.

அதனால் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். நம் சேகரிப்புக்குக் கத்தி கொண்டுவருகிறவர் அதைத் துலக்க வேண்டாம். துரு பரவாமல் எண்ணெய் தடவினால் போதும். கூடவே ஒரு நோட்டில் சில விவரம் வேண்டும். முதலில், இந்தக் கத்தியைப் பிடித்த முடிதிருத்துநரின் குடும்பத்தைப் பார்த்து, அவர்கள் சம்மதத்துடன் கேட்டு எழுதுங்கள்: எத்தனை வீட்டுக்குப் போனார்கள், களத்தில் எவ்வளவு அளந்தார்கள், முதன்முதலில் காசு வாங்கியது எப்போது, ஊர் எதற்காவது தண்டித்ததா. பிறகு அதே ஊரின் காலனிக்குப் போய், எழுபது வயது தாண்டியவர்களிடம் கேளுங்கள்: உங்கள் கல்யாணத்தன்று உங்களுக்குச் சவரம் செய்தது யார், எங்கே உட்காரவைத்து?