கலைமணியும் கொத்தமங்கலம் சுப்புவும்

மும்பை வாழ் தமிழ்க் குடும்பங்களில் ‘தில்லானா மோகனாம்பாள்’ திரைப்படத்தை ஒருமுறையேனும் பாராதவர் அரியர். மாட்டுங்காவின் அரோரா அரங்கில் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கும், கைப்பேசித் திரையில் படம் பார்க்கும் அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கும் சிக்கல் சண்முகசுந்தரமும் சவடால் வைத்தியும் வீட்டு மனிதர்கள் போன்றவர்களே. நாதசுரம் யார் வாசித்தது, தவில் யாருடையது, சிவாஜியின் விரல்கள் எவ்வளவு பொருத்தமாக ஓடின என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுவோர் நம்மிடையே உண்டு. இக்கதையை எழுதியவர் யார் என்று கேட்டால் பேச்சு சற்றே தடைப்படும். ‘கலைமணி’ என்பார் சிலர். கலைமணி யார் என்று மேலும் கேட்டால், பெரும்பாலோர் விடை கூறார்.

கலைமணி என்னும் புனைபெயருக்குள் இருந்தவர் கொத்தமங்கலம் சுப்பு. நடிகர், நாவலாசிரியர், பாடலாசிரியர், இயக்குநர், வில்லுப்பாட்டுக் கலைஞர் எனப் பல வடிவங்களில் ஒருவரே வாழ்ந்தார். அவருடைய உழைப்பு தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து, அன்றைய பம்பாயின் இந்தித் திரையரங்குகளிலும் பலமுறை ஒளிர்ந்தது. ஆயினும் அந்த ஒளியில் தெரிந்தவை பிறர் முகங்கள். ஆகவே இம்மலரில் அவரைப் பற்றி எழுதுவது நம் கடமை எனக் கருதுகிறோம்.

சுப்பிரமணியன் என்னும் இயற்பெயர் கொண்ட சுப்பு 1910 நவம்பர் 10 அன்று புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தவர். கொத்தமங்கலம் என்னும் ஊர் அவர் பெயரோடு நிலைத்துவிட்டது. நாட்டுப்புறப் பாட்டும் தெருக்கூத்தும் மேடை நாடகமும் அவர் பயின்ற பள்ளிகள். பேசும்படம் தமிழகத்தில் தளிர்விட்ட 1930களில், நாடகமேடை பலரைத் திரைக்கு அனுப்பியது போலவே சுப்புவையும் அனுப்பியது. இயக்குநர் கே. சுப்பிரமணியத்தின் வட்டத்தில் அவர் தொடக்ககால வேடங்கள் அமைந்தன. கதாநாயகனாக வேண்டும் என்ற ஏக்கம் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. துணை வேடம் எதைக் கொடுத்தாலும் ஏற்று, அதில் தன் முத்திரையைப் பதித்துவிட்டு விலகுவது அவர் இயல்பு. திரையுலகிலேயே நடிகை எம். எஸ். சுந்தரிபாயை வாழ்க்கைத் துணையாகவும் பெற்றார்.

1941ஆம் ஆண்டையொட்டி எஸ். எஸ். வாசன் சென்னையில் ஜெமினி ஸ்டூடியோவைத் தோற்றுவித்தபோது சுப்புவுக்கு உரிய இடம் கிடைத்தது. ஆனந்த விகடன் வாசனுடையது, ஜெமினியும் வாசனுடையது. எழுத்து, திரை இரண்டும் ஒரே கூரையின்கீழ் அமைந்த அந்த நிறுவனத்தில், இரண்டும் அறிந்த சுப்பு வாசனுக்கு அடுத்த நிலையில் இருப்பவர் என்றே பிறர் கருதும் அளவுக்கு உயர்ந்தார். ‘ஜெமினி கதை இலாகா’ என்ற சொல்லைப் பழைய படங்களின் எழுத்துத் தலைப்புகளில் நாம் கண்டிருப்போம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர் திருத்த, மூன்றாமவர் அதைத் தலைகீழாக்க, முடிவில் வாசன் ஒப்ப வேண்டும். இம்முறையில் விளைந்த கதை எவருக்கும் முழுச் சொந்தமன்று. ‘சந்திரலேகா’ அவ்வாறு உருவானதே. கதை இலாகாவினருள் ஒருவராகவும், பாபநாசம் சிவனோடு பாடல் எழுதியவராகவும் சுப்பு அதில் பங்காற்றினார். 1948 ஏப்ரலில் தமிழிலும், அவ்வாண்டின் இறுதியில் இந்தியிலும் அது வெளிவந்தது. மாபெரும் முரசுகளின் மேல் ஆடும் நடனத்தை வடநாடு வியந்து பார்த்தது. சென்னையில் எடுத்த படம் ஒன்று பம்பாய்ச் சந்தையை வெல்லலாம் என்ற துணிவு தென்னகத் தயாரிப்பாளர்க்கு அதன் பின்னரே வந்தது.

ஜெமினியில் 1952 முதல் 1966 வரை பணியாற்றிய எழுத்தாளர் அசோகமித்திரன், அந்நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் சுப்புவை நிறைவாக வரைந்திருக்கிறார். ஒரு காட்சியை எப்படி அமைப்பது என்று இயக்குநர் திகைத்து நிற்கும்போது, சுப்பு அடுக்கடுக்காக வழிகள் சொல்வாராம். ஒன்று பிடிக்காவிட்டால் மற்றொன்று, அதுவும் ஆகாதெனில் இன்னொன்று. அவர் வீட்டில் உற்றாரும் உறவினரும் நிலையாகத் தங்கியிருந்தனர். அவர்களை யார் காப்பாற்றுகிறார் என்ற எண்ணமே அவருக்குத் தோன்றாது என்றும் அசோகமித்திரன் எழுதுகிறார். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இப்பகுதி பல ஆண்டுகளாகப் பாடமாக இடம்பெற்றது. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் அப்பாடத்திட்டத்தில் பயின்ற நம் பிள்ளைகள், தேர்வுக்காகச் சுப்புவைப் பற்றி ஆங்கிலத்தில் விடை எழுதியிருப்பார்கள். பாட்டி விரும்பிப் பார்க்கும் மோகனாம்பாளின் ஆசிரியரே இவர் என்பதை எத்தனை பிள்ளைகளுக்கு நாம் எடுத்துச் சொல்லியிருப்போம்?

இனி நாம் சற்று நின்று பேச வேண்டிய படம் ஒன்றுண்டு. அது ‘மிஸ் மாலினி’. 1947இல் வெளிவந்த இப்படத்துக்குக் கதை எழுதியவர் ஆர். கே. நாராயண். இயக்கியதோடு, சம்பத் என்னும் வேடத்திலும் நடித்தவர் சுப்பு. மாலினியாக நடித்தவர் புஷ்பவல்லி. பின்னாளில் ஜெமினி கணேசன் எனப் புகழ்பெற்றவர் ஒரு சிறு வேடத்தில் தோன்றியதும் இப்படத்தில்தான். சம்பத் என்பவன் கத்தி எடுக்காத கயவன். நாவே அவனுக்கு முதல். கையில் காசின்றியே பெரிய மனிதனாக உலவுவான். பிறர் திறமையையும் பிறர் பணத்தையும் தன் பேச்சினால் கட்டி ஆளுவான். நாடகக் குழுவில் புகழ்பெற்று வரும் மாலினி அவன் சொல்லில் மயங்குகிறாள், சரிவு தொடங்குகிறது. வாள்சண்டையும் புராணமும் விரும்பிய அக்காலத்தில் நகர வாழ்வை எள்ளி நகையாடும் இப்படத்துக்குப் பொதுமக்கள் ஆதரவு வாய்க்கவில்லை. கற்றவர் பாராட்டினர், கல்லாப்பெட்டி நிறையவில்லை.

வாசன் அக்கதையை விட்டுவிடவில்லை. 1952இல் ‘மிஸ்டர் சம்பத்’ என்னும் பெயரில் இந்தியில் தாமே இயக்கி வெளியிட்டார். இடையில் 1949இல் நாராயணும் சம்பத் என்னும் பாத்திரத்தை மால்குடிக்கு அழைத்துச் சென்று ஆங்கில நாவலாக்கியிருந்தார். இந்திப் படத்தில் சம்பத்தாக மோதிலாலும், மாலினியாக நம் பத்மினியும் நடித்தனர். மோதிலாலின் மிகச்சிறந்த வேடங்களுள் ஒன்றாக இந்தித் திரை வரலாறு அதனைப் போற்றுகிறது. அது தகுதியான போற்றுதலே. அலட்டிக்கொள்ளாத அந்த நடிப்பை இன்று பார்த்தாலும் இன்பமுண்டு.

ஆனால் வேதனைக்குரிய செய்தி இதுதான்: ‘மிஸ் மாலினி’யின் படச்சுருள் ஒன்றும் எஞ்சியதாகத் தெரியவில்லை. மறைந்த படங்களின் வரிசையில் அது சேர்ந்துவிட்டது. பாடல்கள் இசைத்தட்டில் பிழைத்திருக்கின்றன. நிழற்படங்கள் சில உள்ளன. சுப்பு சம்பத்தாக நடந்ததையும் சிரித்ததையும் பொய் சொன்னதையும் இனி நாம் காண வழியில்லை. ஐந்தாண்டு இடைவெளியில் ஒரே ஸ்டூடியோ எடுத்த இரு படங்களில் ஒன்று இருக்கிறது, மற்றொன்று இல்லை. இருப்பது இந்தி, இல்லாமற் போனது தமிழ். இது யாரோ திட்டமிட்டுச் செய்த சதியன்று. ஓடாத படத்தின் சுருளைக் காப்பதில் அன்று எவருக்கும் நாட்டமில்லை. காப்பகம் என்ற எண்ணமே நம்மவரிடம் வேரூன்றியிருக்கவில்லை. தமிழின் தொடக்ககாலப் படங்களுள் பெரும்பகுதி இவ்வாறே அழிந்தது. எனினும் ஒரு நடிகருக்கு அவர் படம் அழிவதென்பது புலவனுக்கு ஏடு கறையானுக்கு இரையாவது போன்றது.

‘ஔவையார்’ (1953) நிலைத்தது. பல ஆண்டு உழைப்பில் சுப்பு இயக்கிய அப்படத்தில் கே. பி. சுந்தராம்பாளின் குரல் இன்றும் நம் கோயில் விழாக்களில் ஒலிக்கக் கேட்கிறோம். ஔவையைப் பற்றிய செவிவழிக் கதைகளையெல்லாம் திரட்டி ஒரே மூதாட்டியின் வாழ்வாகக் கோத்தது அவருடைய நாட்டுப்புறக் கல்வியின் பயன். 1958இல் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ வந்தது. பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டியிட்டு ஆடும் புகழ்பெற்ற பாடலைத் தமிழில் எழுதியவர் சுப்பு. அவ்வாண்டே ‘ராஜ் திலக்’ என இந்தியிலும் அப்படம் வெளிவந்தது. அந்த ஆட்டத்தை வடநாட்டவர் இன்னமும் பேசுகின்றனர். அதற்கு அடுத்து, ஆலைத் தொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட ‘இரும்புத்திரை’ 1960இல் தமிழில் வந்தது. அதன் எழுத்திலும் சுப்புவின் கை இருந்தது. அக்கதையின் இந்தி வடிவமான ‘பைகாம்’ 1959லேயே வெளியாயிற்று. தமிழில் சிவாஜி ஏற்ற வேடத்தை இந்தியில் திலீப்குமார் ஏற்றார். ஆலைச் சங்கொலி கேட்டு விடிந்த பம்பாய்க்கு அக்கதை அந்நியமாகவா இருந்திருக்கும்? ஆலை முதலாளியாக அதில் நடித்தவர் அதே மோதிலால்.

‘தில்லானா மோகனாம்பாள்’ 1950களின் பிற்பகுதியில் ஆனந்த விகடனில் கோபுலுவின் சித்திரங்களோடு தொடராக வந்தது. நாதசுரக் கலைஞன் ஒருவனுக்கும் நாட்டியப் பெண் ஒருத்திக்கும் இடையிலான காதலும் செருக்கும் அதன் பொருள். ஆனால் அந்நாவலின் உயிர் காதலில் இல்லை என்பது நம் கருத்து. கலைஞர்களைச் சுற்றி வாழும் மனிதர்களிடத்தே அது இருக்கிறது: மகளின் கலையை விலைபேசத் துடிக்கும் தாய், பணத்தால் எதையும் வாங்கலாம் என எண்ணும் மைனர், ஊர் ஊராகச் சுற்றும் நாடகக்காரி, இவர்களுக்கிடையே ஓடித்திரியும் தரகன் வைத்தி. கலைஞனின் திறமையைக் கண்டு உண்மையாகவே வியப்பவன் வைத்தி. வியந்த மறுகணமே அதற்கு என்ன விலை கிடைக்கும் எனக் கணக்கிடுபவனும் அவனே. இவனை நாம் முன்பே கண்டிருக்கிறோம் அல்லவா? சம்பத்தின் உடன்பிறப்பு இவன். பட்டணத்துச் சம்பத்தைத் தன் உடலால் நடித்துக் காட்டிய சுப்பு, சில ஆண்டுகள் கழித்துத் தஞ்சைத் தரணியின் வைத்தியை எழுத்தால் நடித்துக் காட்டினார் என்றே கொள்கிறோம். வைத்தி பேசும்போது வாக்கியம் முடிவதற்குள் குனிவும் நிமிர்வும் நமக்குத் தெரிகின்றன. நடித்தறியாத எழுத்தாளன் அதை எழுதியிருக்க முடியாது. திரையில் நாகேஷ் அவ்வளவு எளிதாக வைத்திக்குள் புகுந்ததற்கு, அந்தப் பாத்திரம் நடிகன் ஒருவனால் முன்னரே அளவெடுத்துத் தைக்கப்பட்டிருந்ததும் ஒரு காரணம்.

திரைத்துறையில் அவர் பெற்ற வெற்றி அவருடைய இலக்கியத்தைச் சிறிதாக்கிவிட்டது என்று குறை கூறியவர் அக்காலத்தில் இருந்தனர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. திரையும் மேடையும் இல்லையேல் வைத்தி இல்லை. ஜில் ஜில் ரமாமணியும் இல்லை. உயர்ந்த யாப்பில் பாட வல்லவராயிருந்தும் எளிய மக்களின் மெட்டையே அவர் விரும்பித் தேர்ந்தார். ‘காந்தி மகான் கதை’யை அம்மெட்டிலேயே பாடினார். வில்லுப்பாட்டாக அவர் அதைச் சொல்லக் கேட்டவர்களுக்கு அண்ணலின் வரலாறு ஊர்க்கதை போல மனத்தில் தங்கியது. நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து குடியேறிய நம் மக்கள் வில்லின் மணியோசையை அறிந்தவர்கள். அவர்களுக்கு இதன் அருமையை நாம் விளக்க வேண்டுவதில்லை.

நாவலைப் படமாக்க வாசனே எண்ணியிருந்தார் என்பர். ஏ. பி. நாகராஜன் பெரிதும் வேண்டி உரிமையைப் பெற்று 1968இல் படத்தை வெளியிட்டார். தொடர் வெளிவந்த இதழின் உரிமையாளர் என்ற முறையில் வாசனிடம் பணம் செலுத்திய நாகராஜன், ஆசிரியருக்கும் தனியே ஒரு தொகை தர வேண்டுமென்று சுப்புவைத் தேடிச் சென்றபோது, வாசன் அப்பணத்தை ஏற்கெனவே சுப்புவிடம் சேர்ப்பித்துவிட்டார் என்று அறிந்து நெகிழ்ந்ததாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. நாவலில் பரந்து கிடந்த பல கிளைகள் திரையில் வெட்டப்பட்டன. படத்தை மட்டும் அறிந்தவர்கள் நாவலைப் படிக்கும்போது, பழகிய வீட்டில் திறவாத அறைகள் பல இருப்பதைக் காண்பர்.

இப்படத்தின் மோகனாம்பாளும் பத்மினியே. 1952இல் இந்தி மாலினி, 1958இல் வஞ்சிக்கோட்டையின் நாயகி, 1968இல் மோகனாம்பாள் என அவர் நடிப்பின் மூன்று கட்டங்களில் சுப்புவின் எழுத்தோ, சுப்பு முதலில் நடத்திக் காட்டிய கதையோ உடன் வந்திருக்கிறது. சுப்புவின் ‘ராவ்பகதூர் சிங்காரம்’ என்னும் நாவலும் 1970இல் ஜெமினி தயாரிப்பில் ‘விளையாட்டுப் பிள்ளை’ என்ற படமானது. அதிலும் சிவாஜியும் பத்மினியுமே நடித்தனர், இயக்கியவரும் ஏ. பி. நாகராஜனே. 1969 ஆகஸ்டில் காலமான வாசன் அப்படம் வெளிவந்ததைக் காணவில்லை.

1971இல் இந்திய அரசு சுப்புவுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1974 பிப்ரவரி 15 அன்று அவர் மறைந்தார். மோகனாம்பாள் நாவல் இன்றும் அச்சில் கிடைக்கிறது. இப்போதைய பதிப்புகளில் கலைமணி என்ற பெயரோடு கொத்தமங்கலம் சுப்பு என்ற பெயரும் சேர்ந்தே வருகிறது.