தேயிலை இறங்கிய வழி, அரிசி ஏறிய வழி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு தேயிலைக் கிடங்கில் 1974 முதல் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதினேன். லாரியில் வந்திறங்கும் பெட்டியில் என்ன எஸ்டேட் என்று பார்த்துப் பேரேட்டில் ஏற்ற வேண்டும். நல்லதண்ணி, லெட்சுமி, குண்டுமலை, நயமக்காடு என்று மூணாற்றுப் பேர்கள். சுற்றிலும் மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் ஒலிக்கும் தெருவில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்கத் தமிழ்ப் பேர்களாக எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பேர்களுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளான லயங்களில்தான் என் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் குடியிருந்தார்கள்.

என் தாத்தா கயத்தாறுப் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிக்கொண்டு போன ஆள். மூணாற்றுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு வயது. அடுத்த வருஷமே 1924 வந்தது. கொல்லம் ஆண்டு 1099, கர்க்கடக மாதம். இன்றும் கேரளத்தில் வயதானவர்கள் அதைத் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்றுதான் சொல்வார்கள். ஜூலை நடுவில் தொடங்கிய மழை ஏறக்குறைய மூன்று வாரம் விடவில்லை. கீழே பெரியாறு ஆலுவாயை மூழ்கடித்தது என்றால், மேலே மலையே இடம் மாறியது. கரிந்திரி மலை சரிந்து, ஆலுவாயிலிருந்து காட்டு வழியே மூணாறு போன பழைய ரோட்டை அழித்துவிட்டது.

மூணாற்றில் அப்போது ரயில் ஓடியது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. 1902இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908இல் இன்ஜின் ஓடும் குறுகிய பாதையான குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அது. தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷன் வரை போகும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடிநாயக்கனூர், தூத்துக்குடி, கப்பல், லண்டன். அந்த வெள்ளம் ரயிலை வாரிக்கொண்டு போனது. மறுபடி தண்டவாளம் போடவே இல்லை.

தாத்தா ரயிலைப் பற்றி அதிகம் பேசமாட்டார், அரிசியைப் பற்றிப் பேசுவார். கங்காணி வீட்டு மூட்டை நனைந்து பூசணம் பூத்ததாம். அதைத்தான் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தார்களாம். மழை வெறித்ததும் ஆண்கள் கொட்டகுடிப் பாதையில் இறங்கி, அரிசியைத் தலைச்சுமையாக ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். தேயிலை இறங்கின தடத்திலேயே சோறு ஏறியது என்பார்.

அன்று மூணாறு திருவிதாங்கூரில் இருந்தது. கொச்சி தனி ராஜ்யம், மலபார் பிரிட்டிஷ் ஜில்லா. வெள்ளம் எல்லை பார்க்கவில்லை, நிவாரணம் பார்த்தது. அந்தந்த சர்க்கார் அதனதன் எல்லைக்குள் முகாம் போட்டது. எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கேட்டவர் காந்தி. ‘யங் இந்தியா’விலும் ‘நவஜீவ’னிலும் எழுதிப் பணம் திரட்டினார். 6,994 ரூபாய், 13 அணா, 3 பைசா சேர்ந்தது. கணக்கு எழுதிப் பழகியவன் என்பதால் அந்த மூன்று பைசா எனக்குப் பிடிக்கும். அதையும் யாரோ கொடுத்திருக்கிறார்கள், யாரோ விடாமல் எழுதியிருக்கிறார்கள்.

கொச்சிக்காரர்கள் மறந்துவிடுகிற ஒரு விஷயம் உண்டு. மலையை உடைத்த வெள்ளம் எங்களுக்கு ஏதாவது கொடுத்துவிட்டுப் போகும். 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் முசிறித் துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சி முகத்துவாரத்தைத் திறந்தது என்பார்கள். 1924 வெள்ளம் பழைய வழிகளை அழித்த காலத்தில்தான் இன்ஜினீயர் ராபர்ட் பிரிஸ்டோ இங்கே துறைமுகம் தோண்டிக்கொண்டிருந்தார். 1928 மே மாதம் உள் துறைமுகத்தில் முதல் கப்பல் நுழைந்தது. நேரியமங்கலம் வழியாக மூணாற்றுக்குப் புது ரோடு ஏறியது. 1935இல் பெரியாற்றின் மேல் வளைவுப் பாலமும் திறந்தாயிற்று. தூத்துக்குடியைப் பார்த்திருந்த தேயிலை கொஞ்சம் கொஞ்சமாகக் கொச்சியைப் பார்த்துத் திரும்பியது. 1947இல் இங்கே தேயிலை ஏலமும் வந்தது. என் தாத்தா பூசணம் பூத்த அரிசியைத் தின்ற வெள்ளத்தின் தடத்தில்தான் எனக்குச் சம்பளம் வந்தது.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்தப் புது ரோடும் அறுந்தது. இடுக்கி அணையை 26 வருஷத்துக்குப் பிறகு திறந்தார்கள். நெடும்பாசேரி விமான நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்து இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. கடற்கரை மீனவர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சமவெளியில் சிக்கியவர்களை மீட்டார்கள். மலைக்கு வள்ளம் போகாதே. ஓய்வுபெற்ற நானும் பழைய சுமைக்காரர்கள் நாலு பேரும் ஒரு காலிக் கிடங்கில் சாமான் பிரிக்க உட்கார்ந்தோம். வந்து குவிந்ததில் ஜரிகைப் புடவை இருந்தது, ஜோடி இல்லாத செருப்பு இருந்தது. அரிசியும் நிறைய இருந்தது. நல்லதென்று அரிசியை முதலில் அனுப்பினோம். லாரி அடிமாலியோடு நின்றது, அங்கிருந்து ஜீப்பில் தவணை தவணையாக ஏறியது.

மூன்றாம் நாள் அக்கா மகன், சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப் பேசினான். “மாமா, அரிசி வந்துட்டு. உலை வைக்க நனையாத விறகு ஒரு சுள்ளி இல்லை. தீப்பெட்டியும் நமுத்துப் போச்சு.”

அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. முதல் லாரியில் அவல், ரஸ்க், பொரிகடலை, பிளாஸ்டிக் பையில் கட்டின தீப்பெட்டி, மெழுகுவத்தி, தார்ப்பாய், கம்பளி. அடுத்ததில் அடுப்பும் அரிசியும். மூட்டையாக அனுப்பாமல் ஒரு வீட்டுக்கு ஒரு பொட்டலம் என்று கட்டினோம். சுமைக்காரர்களில் மூத்தவர் சொன்ன யோசனை அது. மூட்டை பிரிகிற இடத்தில் கையில் பலம் உள்ளவன் வாங்கிக்கொள்வான் என்றார். உள்ளே என்ன இருக்கிறதென்று ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் தமிழில் எழுதினேன். லயத்துக் கிழவிகளுக்கு மலையாள எழுத்து தெரியாது.

சாமான் அனுப்புவது அத்தோடு முடிந்துவிட்டது. நிவாரண மனு எழுத மலைக்குப் போனபோதுதான் முடியாத ஒன்றைப் பார்த்தேன். படிவத்தில் நிலத்தின் விவரம் கேட்டிருந்தது. நான்கு தலைமுறை அதே முறியில் பிறந்து வளர்ந்தவர்களிடம் ஒரு சென்ட் இல்லை. வேலை இருக்கும் வரை லயம், ஓய்வுபெற்றால் காலி செய்ய வேண்டும். சுவர் இடிந்தால் அது கம்பெனியின் சுவர். வீடு போனது என்று சொல்லக்கூட அவர்களுக்கு வீடு இல்லை. 1924க்குப் பிறகு தேயிலைக்கு ரோடு போட்டார்கள், பாலம் கட்டினார்கள். லயம் மட்டும் லயமாகவே இருந்தது.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. மின்சாரமும் போனும் இல்லாததால் விஷயம் வெளியே தெரிய விடிந்துவிட்டது. 70 பேர் போனார்கள். பலருடைய பூர்வீகம் எங்கள் கயத்தாறு. பெட்டிமுடி எந்த எஸ்டேட்டைச் சேர்ந்தது என்று டிவியில் சொன்னபோது என் கை தானாக எழுதுவது போல அசைந்தது. நயமக்காடு. அந்தப் பேரைப் பேரேட்டில் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேனோ! மலை சரிந்த மறுநாள் கரிப்பூரில் விமானம் விபத்துக்குள்ளானது. அங்கே இறந்தவர்களுக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது, பெட்டிமுடிக்கு 5 லட்சம். இரண்டு தொகையையும் செய்தித்தாளில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

உயிர் தப்பிய எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் அரசு நிலம் கொடுத்தது, கம்பெனி வீடு கட்டியது. 2021இல் சாவி கொடுத்தார்கள். செத்தவர்களின் கணக்கில் வந்த நிலம் அது.

2018இல் எழுதிய சாமான் பட்டியல் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கர்க்கடகம் பிறந்ததும் எடுத்துப் பார்ப்பேன். அவல், தீப்பெட்டி, தார்ப்பாய், கம்பளி. பெட்டிமுடிக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் மேலே பென்சிலால் ஒரு வரி சேர்த்தேன்: ‘ஆளுக்கு ஐந்து சென்ட்’. கிடங்கில் என்னோடு உட்கார்ந்த சுமைக்காரர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இதை எந்த லாரியில ஏத்துறது, கணக்குப்பிள்ளை?” என்றார்.